திரை இருண்டால் பொறி இறந்ததாகுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



குறளையும் சிலம்பையும் பற்றிப் பேசக் கேட்டுப் பழகிய இம்மேடையில், ஒரு பழைய கணிப்பொறியின் திரையைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்துள்ளனர். பொருள் சிறிது, மேடை பெரிது. சென்ற ஆண்டு இலக்கியச் சொற்பொழிவு முடிவதற்கு முன்பே உணவுக் கூடத்தை நோக்கி எழுந்து சென்றவர்களுள் நாங்களும் இருந்தோம். இன்று அதே தண்டனை எங்களுக்குக் கிடைப்பினும் முறையிட மாட்டோம்.

எனினும் இப்பொருளைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டோம். நூலக அறையின் மூலையில் உள்ள கணிப்பொறி பழுதாகிவிட்டது என்றும், அதனைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றும் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் செயற்குழு தீர்மானித்தது. அத்தீர்மானத்திற்குக் கை உயர்த்தியவர்களுள்ளும் நாங்கள் இருந்தோம். உயர்த்திய கையை எவ்வாறு தாழ்த்திக்கொண்டோம் என்பதே இன்றைய உரை.

முதற்கண் அப்பொறியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். 2004-ஆம் ஆண்டில் சங்கம் நன்கொடை திரட்டி அதனை வாங்கிற்று. அந்நாளில் அதனோடு வந்தது, தொலைக்காட்சிப் பெட்டியை ஒத்த கனத்த கண்ணாடிக் குழாய்த் திரை. அதனை மாடிக்கு ஏற்ற மூவர் தேவைப்பட்டனர். 2008-ல் அது மங்கிப்போகவே, தட்டையான திரவப் படிகத் திரை ஒன்று வந்து சேர்ந்தது. இடையில் எவரோ ஒருவர் பொறியினுள் ஒரு கிராபிக்ஸ் அட்டையையும் செருகியிருக்கிறார். யார், எப்பொழுது, எதற்கு என்பது சங்கப் பதிவேடுகளில் இல்லை. இவ்வட்டையைப் பின்னர்ச் சந்திப்போம்.

இருபது ஆண்டு வயதுள்ள ஓர் இயந்திரத்திற்காக இத்துணைப் பேச்சு ஏன் என்று நீங்கள் எண்ணலாம். நம் சங்கத்தின் முன்னாள் செயலர், ரயில்வே கணக்கு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், 2019-ல் நம்மை விட்டு மறைந்தார். அவர் மாலைதோறும் நூலகத்தில் அமர்ந்து, காலனியின் முதியவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் தில்லிக்கு வந்த கதையைத் தட்டச்சுச் செய்து வைத்தார். ஜி.டி. எக்ஸ்பிரசில் ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கியவர். கோல் மார்க்கெட் குடியிருப்பில் ஓர் அறையில் அறுவராக வாழ்ந்தவர். ஒரு பிடி கறிவேப்பிலைக்காகக் கரோல்பாக் வரை நடந்தவர். முதற்பனிக்காலத்தில் போர்வை வாங்கப் பணமின்றிச் செய்தித்தாளை மார்பில் சுற்றிக்கொண்டு உறங்கியவர் - இவ்வாறு பன்னிருவர் கதை. அவர்களுட் பெரும்பாலோர் இன்று இல்லை. அச்சிட்ட படி ஒன்றும் எடுக்கப்படவில்லை. "கணிப்பொறியில்தான் பத்திரமாக இருக்கிறதே" என்று நாம் எல்லோரும் கூறி வந்தோம்.

கபாடித் தீர்மானம் நிறைவேறியபோது இந்நினைவு எங்களுள் ஒருவருக்கேனும் வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஒரு வாரம் கழித்து முதிய அம்மையார் ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு நூலகத்திற்கு வந்தார். "எங்காத்து மாமா சொன்னதை எல்லாம் அவர் எழுதி வைத்தாரே, அதில் ஒரு பிரதி கிடைக்குமா? பேத்தி கேட்கிறாள்" என்றார். நாங்கள் மூலையை நோக்கினோம். பொறி அங்கேயே இருந்தது. கபாடிக்காரர் இன்னும் வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தவணை கேட்டுச் செயலருக்கு அன்றே கடிதம் கொடுத்தோம்.

நிற்க. பொறி பழுது என்று தீர்மானித்தது எவ்வாறு என்பதையும் கூறிவிடுகிறோம். அத்திரை திடீரென்று இருண்டுவிடவில்லை. அதற்கு முந்தைய பனிக்காலம் முழுவதும், காலையில் பொத்தானை அழுத்தினால் படம் தோன்றி உடனே மறையும். நான்கைந்து முறை அணைத்து அணைத்து ஏற்றினால் நிலைத்து நிற்கும். "குளிர்தானே, அதற்கும் உடம்பு சூடேற வேண்டாமா?" என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டோம். மே மாதத்தில், ஊரெல்லாம் அனல் வீசும்போது, அறவே இருண்டது. அழைத்து வந்த பழுதுபார்ப்பவர் தம்முடைய திரை ஒன்றையும் கையோடு கொண்டு வந்தார். அதனை இணைத்துப் பார்த்தார், அதுவும் இருளே. "மதர்போர்டு போய்விட்டது, இதற்குப் பலகை இனிக் கிடைக்காது" என்று முடித்தார். இரண்டு திரைகள் இருண்டபின் எவர்தாம் ஐயுறுவர்? ஆனால் அவ்விருளில் இரண்டு வெவ்வேறு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. பழைய பொறிகளில் இது மிகவும் இயல்பு. ஒரு நோயைத் தீர்த்தும் குணம் தெரியாவிடின் மருந்தையே ஐயுறுகிறோம். இரண்டாவது நோய் ஒன்று இருக்கக்கூடும் என்று எண்ணுவதில்லை.

எங்கள் குழு நால்வர் கொண்டது. ஓய்வு பெற்ற அரசு ஊழியர் இருவர். பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். கல்லூரியில் பயிலும் பெண் ஒருத்தி. முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசிரியை எங்களை எதையும் திறக்க விடவில்லை. "நோயாளி யார் என்று முதலில் கேட்போம். திரையா, பொறியா?" என்றார்.

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு ஒரு கருவியும் வேண்டியதில்லை. பொறியை இயக்கினோம். விசிறி சுழன்றது. விசைப்பலகையில் 'நம் லாக்' என்னும் விசையை அழுத்தினால் அதன் சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் மறுமொழி கூறிற்று. பலகை உண்மையில் இறந்திருந்தால் இவ்விளக்கு பொதுவாக அசையாது. ஆகவே உள்ளே உயிர் உண்டு என்று கொண்டோம். அடுத்து, திரைக்கும் பொறிக்கும் இடையிலுள்ள கேபிளைத் திரையின் பக்கத்தில் கழற்றிவிட்டுத் திரையை மட்டும் ஏற்றினோம். நல்ல திரையாயின், 'சிக்னல் இல்லை' என்றோ 'கேபிளைச் சரிபார்க்கவும்' என்றோ தானாகவே ஒரு வாசகத்தைக் காட்டும். அவ்வாசகம் திரையின் சொந்தச் சொத்து, பொறியிடம் கடன் வாங்கியதன்று. எங்கள் திரை அவ்வாசகத்தை இரண்டு நொடி காட்டிற்று, பிறகு இருண்டது.

அப்பொழுது ஆசிரியை அறையின் விளக்குகளை அணைக்கச் சொல்லி, டார்ச் விளக்கை ஒரு சாய்வில் திரையின்மேல் அடித்தார். நாங்கள் குனிந்து நோக்கினோம். கிணற்றின் அடியில் கிடக்கும் நாணயத்தைப் போல, அவ்வாசகம் மங்கலாக அங்கேயே இருந்தது! படம் மறையவில்லை, படத்திற்குப் பின்னால் எரிய வேண்டிய விளக்கே அணைந்திருந்தது. திரவப் படிகத் திரை தானாக ஒளிர்வதன்று. அதிலுள்ள படிகங்கள் சன்னல் கதவுகளைப் போன்றவை. ஒளியை விடும், தடுக்கும், அவ்வளவே. ஒளியைத் தருவன பின்புறத்திலுள்ள மெல்லிய குழல் விளக்குகள். பிற்காலத் திரைகளில் அவ்விடத்தை எல்.இ.டி. விளக்குகள் பெற்றன. அவ்விளக்குகளுக்கு மின்சாரம் தரும் பகுதி தளர்ந்தால், படம் இருந்தும் காணப்படாது. இருண்ட திரையை வீசியெறிய நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு டார்ச் விளக்கைத் தேடுதல் வேண்டும்.

திரை நோயுற்றது உறுதி. ஆயின் பழுதுபார்ப்பவர் கொண்டு வந்த நல்ல திரையும் இருண்டது ஏன்? மூன்றாம் மாடி வீட்டிலிருந்து ஒரு திரையைக் கடன் வாங்கி வந்து அவர் செருகிய அதே இடத்திற் செருகினோம். இருள்! எங்கள் ஊக்கம் அத்தோடு தளர்ந்தது. தேநீர் வந்தது. கல்லூரிப் பெண் மட்டும் தரையில் படுத்தவாறு பொறியின் முதுகைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தவள், "தாத்தா, இதில் இரண்டு வாய் இருக்கிறதே! இதே மாதிரி இன்னொன்று கீழே இருக்கிறது" என்றாள்.

முன்பு கூறிய கிராபிக்ஸ் அட்டையை இங்கே சந்திக்கிறோம். பொறியின் பலகையிலேயே திரைக்கான ஒரு வாய் உண்டு. தனி அட்டை ஒன்றைச் செருகிவிட்டால், பல பழைய பலகைகள் தம் வாயைத் தாமே மூடிக்கொள்ளும். படம் அட்டையின் வழியாகவே வெளிவரும். இரண்டும் ஒரே வடிவின; பதினைந்து துளையுள்ள நீல வாய். பழுதுபார்ப்பவர் மேலே உள்ள பலகையின் வாயில் செருகினார். அவரைப் பின்பற்றி நாங்களும் அவ்வாறே செய்தோம். கேபிளைக் கீழ்வாய்க்கு மாற்றியதும் கறுப்புத் திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடின. அந்நேரத்தில் நூலக அறையில் எழுந்த ஒலியைக் கேட்டுப் பக்கத்துக் கூடத்தில் பாட்டு வகுப்பு நின்றுவிட்டது.

ஓடிய எழுத்துகள் ஓரிடத்தில் நின்றன. அமைப்புகள் அழிந்துவிட்டன என்றும், தொடர்வதற்கு எஃப் ஒன்று என்னும் விசையை அழுத்துமாறும் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். தேதி சனவரி 1, 2003 எனக் காட்டிற்று. பலகையில் ஐந்து ரூபாய் நாணயம் போல் ஒரு சிறு செல் உண்டு, சி.ஆர். 2032 என்பது அதன் பெயர், மூன்று வோல்ட். பொறி அணைந்திருக்கும்போது நேரத்தையும் சில அமைப்புகளையும் காத்து நிற்பது அதுவே. அது தீர்ந்துவிட்டால் பொறி ஒவ்வொரு காலையும் தன் பிறந்த நாளுக்குத் திரும்பிவிடும். அவ்வாசகத்தைக் காட்டி உங்கள் மறுமொழிக்காகக் காத்து நிற்கும். திரை தெரியாத நிலையில் அது காத்து நிற்பது எவருக்குத் தெரியும்? கடிகாரக் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கின்ற சிறு செல் அது. ஓர் இருண்ட திரைக்குப் பின்னால் ஒரு பொறி பல நாள் 'எஃப் ஒன்றை அழுத்துக' என்று கெஞ்சிக்கொண்டிருந்தது என்பதை எண்ணும்போது இப்பொழுதும் எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது.

எஃப் ஒன்றை அழுத்தினோம். சாளரம் விரிந்தது. ஆனால் வெண்மையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சளாக இருந்தது. திரையின் வண்ணக் கோளாறுகளுள் பெரும்பாலானவற்றின் மறைபொருளை அறிவதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். இவ்வகைக் கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களும் தனித்தனிக் கம்பியில், முறையே முதல் மூன்று ஊசிகளின் வழியாக வருகின்றன. நீலம் வராவிடின் சிவப்பும் பச்சையும் கூடி வெள்ளை மஞ்சளாகும். பச்சை வராவிடின் கருஞ்சிவப்புக் கலந்த ஊதா. சிவப்பு வராவிடின் வெளிர்நீலம். ஆகவே மஞ்சள் திரையைக் கண்டவர் நீலக் கம்பியைத் தேடுக. கேபிளைக் கழற்றிப் பார்த்தோம்; மூன்றாம் ஊசி கோணிப் பக்கத்துச் சுவரோடு சாய்ந்திருந்தது. அவசரமாகச் செருகியவர் கை அதனை வளைத்திருக்கிறது. அந்தக் கை எங்களுடையதாகவும் இருக்கலாம். ஆசிரியை தம் கைப்பையிலிருந்த சிறு இடுக்கியால் அதனை நிமிர்த்தினார். ஓர் எச்சரிக்கை: அக்கேபிளில் ஓர் ஊசி அறவே இல்லாதிருத்தல் பெரும்பாலும் இயல்பே, ஒன்பதாம் ஊசியைப் பல கேபிள்களில் வைப்பதில்லை. அதனை முறிந்த ஊசி என்று மயங்கிப் புதுக்கேபிள் வாங்க ஓடாதீர்கள். செருகிய பின் இரு புறத்துத் திருகுகளையும் முடுக்குக. முடுக்காத கேபிள் துடைப்பம் படும்தோறும் தளர்ந்து, படத்தை நடுங்கச் செய்யும். பழி கணிப்பொறியின் முதுமைமேல் விழும்.

படம் தெளிந்தவுடன் நாங்கள் செய்த முதற்காரியம், செயலர் எழுதிவைத்த கோப்புகள் அனைத்தையும் ஒரு பென்டிரைவில் படியெடுத்ததே. பழைய பொறி ஒருமுறை விழித்தால் மறுமுறை விழிக்கும் என்பதற்கு உறுதியில்லை. துடைப்பது, தூசு தட்டுவது, அழகு பார்ப்பது எல்லாம் அதன் பின்னரே. அது எத்துணை நல்ல முடிவு என்பதை மாலையிலேயே உணர்ந்தோம்.

மாலையில் எங்களுள் ஒருவருக்குத் தூய்மை வெறி பிடித்தது. தில்லியின் புழுதிக் காற்றைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. இருபது ஆண்டுப் புழுதி உள்ளே கம்பளமாகப் படிந்திருந்தது. பொறியை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு - இங்கு வறண்ட நாள்களில் நம் உடம்பில் ஏறும் நிலைமின்சாரம், கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடக்குமே, அது நுண்ணிய பாகங்களைக் கொன்றுவிடும் - மென்தூரிகையால் தூசியைத் தட்டினோம். மீண்டும் இயக்கினோம். திரை இருண்டது. பொறியிலிருந்து ஒரு நீண்ட ஒலி. சற்று நிறுத்தி மீண்டும் அதே ஒலி. எங்கள் முகங்களைப் பார்த்த ஆசிரியை, "அது அழவில்லை, பேசுகிறது" என்றார்.

உண்மையே. திரையின் வழியே பேச இயலாத நிலையில் பொறி ஒலியின் வழியே பேசும். அதன் மொழி தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அவார்டு வகையைச் சேர்ந்த பழைய பலகைகளில் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் வந்தால் கிராபிக்ஸ் பகுதியில் குறை. நீண்ட ஒலி விட்டுவிட்டுத் தொடர்ந்தால் நினைவகப் பட்டையில் குறை. ஏ.எம்.ஐ. வகையில் எட்டுக் குறுகிய ஒலிகள் திரைக்கான நினைவகத்தைச் சுட்டும். எங்கள் தூரிகை நினைவகப் பட்டையை அசைத்திருந்தது. அதனைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரு முனைகளும் 'டக்' என்று பற்றுமாறு அழுத்தினோம். பொறி எழுந்தது. கிராபிக்ஸ் அட்டைக்கும் அதே சிகிச்சை. தில்லியின் மழைக்கால ஈரமும் ஆண்டுகளும் கூடி அவ்விளிம்புகளில் ஒரு மெல்லிய மாசை ஏற்றிவிடுகின்றன. பலகை இறந்துவிட்டது என்று தள்ளப்படும் பொறிகள் சில, நான்கணா ரப்பரால் பிழைக்கக்கூடியவை.

இனி, எங்கள் சொந்தத் திரை. இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அதனை எடுத்துக்கொண்டு நேரு பிளேசுக்குச் சென்றோம். அதனை வீட்டிலேயே திறக்கலாமே என்று இளைஞர்கள் கேட்டனர். நாங்கள் இசையவில்லை. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் அப்பெட்டியினுள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்னோட்டமாக மாறி ஒரு பெரிய மின்தேக்கியில் தங்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் காத்திருக்கும். பழைய கண்ணாடிக் குழாய்த் திரையோ இன்னும் கொடியது. அக்குழாய்க்கு 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் செல்கிறது. அணைத்த பின்னும் அம்மின்னூட்டம் குழாயில் தங்கியிருக்கும். பயிற்சியில்லாதவர் அதன் மூடியைக் கழற்றுதலே கூடாது. கழற்றுவோர் கைக்கு வேலை வேறு உண்டு: கழற்றாதிருத்தல்.

நேரு பிளேசில் மேசை போட்டு அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எங்கள் திரையைப் பிரித்துக் காட்டினார். மின்சாரம் வழங்கும் பலகையில் சிறு உருளைகளாக நின்ற மின்தேக்கிகளுள் நான்கு தலை வீங்கியிருந்தன. நல்ல மின்தேக்கியின் தலை தட்டையாக இருக்கும். உள்ளே வாயு மிகுந்தால் பொங்கிய அப்பம்போல் எழும்பும். சில வேளைகளில் பழுப்பு நிறக் கசிவும் காணலாம். 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் உலகெங்கும் தரக்குறைவான மின்தேக்கிகள் பலகைகளிலும் திரைகளிலும் புகுந்து இவ்வாறு வீங்கி அழிந்தன. அக்காலப் பொறிகளை வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்க. வெப்பமும் புழுதியும் வீக்கத்தை விரைவுபடுத்தும். பனிக்காலக் காலையில் நான்கைந்து முறை ஏற்றி அணைக்க நேர்ந்ததன் பொருள் இப்பொழுது விளங்கிற்று. தளர்ந்த மின்தேக்கி குளிரில் இன்னும் தளரும்; சூடேறினால் சற்றே தேறும். நாங்கள் வேடிக்கையாகச் சொன்னது ஒருவாறு உண்மையாகவே இருந்தது. அன்றே கவனித்திருந்தால் மே மாதத்து இருள் வந்திராது.

இளைஞர் பழையவற்றை எடுத்துவிட்டு, அதே மைக்ரோபாரட் அளவும், அதே வோல்ட் அல்லது அதனினும் உயர்ந்ததும், 105 பாகை வெப்பம் தாங்குவதுமான புதிய மின்தேக்கிகளை, நேர்முனை எதிர்முனை மாறாமல் ஈயப்பற்று வைத்துப் பொருத்தினார். அரைமணி நேர வேலை. கூலியும் பொருளுமாக 400 ரூபாய். "பாபுஜி, புதியது வாங்கிக்கொள்ளக்கூடாதா?" என்று கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு அவ்வளவு இந்தி வராது. சிரித்துவிட்டு வந்தோம்.

இத்துடன் முடிந்தது என்று எண்ணினோம். முடியவில்லை. படியெடுத்த கோப்புகளைக் கல்லூரிப் பெண் தன் மடிக்கணிப்பொறியில் திறந்தாள். தமிழுக்குப் பதிலாகத் தலையில் புள்ளியும் கொம்பும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன. "எல்லாம் கெட்டுப்போய்விட்டது, டீச்சர்" என்று அவள் குரல் தழுதழுத்தது. அவள் கலங்கியதில் வியப்பில்லை. அவளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கைபேசியில் தமிழ் எழுத்து தானாகவே தோன்றி வந்திருக்கிறது. முதியவர்களுக்குத்தான் அக்காட்சி பழக்கமானது.

இதுவும் திரையின் கோளாறே. ஆனால் கம்பியிலும் மின்தேக்கியிலும் இல்லாத கோளாறு. செயலர் தட்டச்சுச் செய்த காலத்தில் வழங்கிய தமிழ் எழுத்துருக்கள் பல, ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய எண்களைத் தமிழெழுத்துகளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டவை. 'டிஸ்கி' என்பது அவற்றுள் ஒரு முறை. சென்னையில் 1999-ல் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்னும் முறைகளும் எழுந்தன. அந்தந்த எழுத்துரு பொறியில் இருந்தால் தமிழ் தோன்றும். இல்லையேல் வாடகை வீட்டின் பழைய சொந்தக்காரர் தோன்றுவார். இன்று வழங்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கெனத் தனி எண்களே உண்டு. ஆகவே அச்சண்டை இல்லை. கோப்பில் எழுத்து அழியவில்லை. படிக்கத் தெரிந்த கண்தான் மடிக்கணிப்பொறியில் இல்லை. பழைய பொறியில் அவ்வெழுத்துரு இருந்தது. அதே கோப்பு அங்கே அழகிய தமிழாகத் திறந்தது. பொறியைக் கபாடிக்குப் போட்டுவிட்டு, வன்தட்டை மட்டும் கழற்றி வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்டனர். பொறி மெய்யாகவே இறந்திருந்தால் அதுவே வழி. ஆயினும் எழுத்துரு எது, முறை எது என்று அறிவதற்கு, விழித்திருக்கும் பழைய பொறியைப் போன்ற சாட்சி வேறில்லை. எழுத்துருவின் பெயரை அதில் பார்த்துக்கொண்டு, முறை மாற்றும் மென்பொருளால் பன்னிரண்டு கோப்புகளையும் அப்பெண் யூனிகோடாக மாற்றினாள்; ஆசிரியை வரிக்கு வரி பழைய திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவ்வேலைக்குப் பழுதுபார்க்கும் வேலையினும் நான்கு மடங்கு நேரம் ஆயிற்று.

இதன் மறுபக்கமும் உண்டு. இன்றைய யூனிகோடு கடிதங்களை அப்பழைய பொறியில் திறந்தால் வெறும் கட்டங்களாகத் தோன்றின. கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்றன. விண்டோஸ் எக்ஸ்பி முறையில், வட்டார மொழி அமைப்பில் சிக்கலான எழுத்து முறைகளுக்குரிய பகுதியைத் தனியே நிறுவுதல் வேண்டும். அதற்கு மூலத்தட்டும் கேட்கும். நிறுவினோம், சரியாயிற்று. அம்முறைக்கு அதனை உருவாக்கியோர் தரும் பாதுகாப்பு 2014-ஆம் ஆண்டு ஏப்பிரலிலேயே நின்றுவிட்டது. ஆகவே அப்பொறியை இணையத்தில் இணைப்பதில்லை என்று முடிவு செய்துள்ளோம்.

உங்கள் வீட்டுப் பழைய பொறிகளைப் பற்றி வாயிலிலேயே பலர் எங்களை மடக்கிக் கேட்டதால் சிலவற்றை விரைந்து கூறுகிறோம். திரையில் நெடுங்கோடுகள் தெரிந்தால், திரையின் சொந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதன்மேலும் கோடுகள் ஓடினால் குறை திரையிலேயே. படகத்தின் ஓரத்தில் ஒட்டப்பட்ட மெல்லிய இணைப்பு விட்டுப்போவதால் வரும் கோட்டினைத் திருத்துதல் அரிது, செலவிடாதீர்கள். நிறப்புள்ளிகள் பொறி ஏறும்போது முதல் எழுத்திலிருந்தே சிதறினால் கிராபிக்ஸ் அட்டை சூடேறுகிறது அல்லது நலிந்தது. விசிறியைத் தூசு தட்டுக. சாளரம் விரிந்த பின்னரே சிதறினால் அட்டைக்குரிய மென்பொருளை மீண்டும் நிறுவுக. 'எல்லைக்கு அப்பால்' என்னும் பொருளுடைய ஆங்கில வாசகம் வந்தால் எதுவும் பழுதில்லை. திரை தாங்காத அளவை யாரோ அமைத்துவிட்டனர். எக்ஸ்பியில் ஏறும்போது எஃப் எட்டை அழுத்தி வி.ஜி.ஏ. நிலையில் புகுந்து குறைத்துக்கொள்க. படத்தில் அகன்ற நிழற்பட்டை மெல்ல மேலேறிச் சென்றுகொண்டிருந்தால், மூன்றாவது ஊசியில் எர்த் உண்டா என்று மின்வினைஞரைக் கேளுங்கள். நம் காலனியின் பழைய கட்டடங்களில் அவ்வூசி பல இடங்களில் அலங்காரமே. கண்ணாடிக் குழாய்த் திரையின் மூலையில் வண்ணத்திட்டுப் படர்ந்தால் அருகிலுள்ள ஒலிபெருக்கியை நகர்த்துக. அதன் காந்தமே காரணம்.

இனி எதுவும் இயலாது என்ற நிலை வரும்போதும் எடைக்குப் போடுதல் தகாது. குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் உண்டு. உடைத்துச் செம்பு எடுப்போரின் மூச்சிலும் மண்ணிலும் அது சேரும். நம் நகரின் சீலம்பூர்ப் பகுதியில் அவ்வேலையில் ஈடுபடுவோரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மின்னணுக் கழிவுக்கென 2011 முதலே நாட்டில் விதிகள் உள்ளன; 2022-ல் அவை திருத்தி அமைக்கப்பெற்று 2023 ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும். மாடிப்படியின் கீழ் 2008 முதல் உறங்கும் நம் பழைய குழாய்த் திரையையும் அவ்வாறே அனுப்பச் செயற்குழு இசைந்துள்ளது.

பன்னிரண்டு கதைகளும் இப்பொழுது அச்சிட்ட படியாக நூலகத்தில் உள்ளன. முதற்படி, கோலூன்றி வந்த அந்த அம்மையார் வீட்டிற்குச் சென்றது. அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்துகொண்டு, முதற்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "இவர் இப்படித்தான், ரயில் நேரத்தைத் தப்பாகவே சொல்வார்" என்று கூறிச் சிரித்தார். மற்றப் பக்கங்களை நாங்கள் புறப்பட்ட பிறகு படித்திருப்பார்.

ஒரு வேண்டுகோளோடு விடைபெறுகிறோம். பன்னிரண்டில் ஒரு கதை பாதியில் நிற்கிறது. சொன்னவர் பெயர் அதில் இல்லை. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவர். புது தில்லி நிலையத்தில் இறங்கியபோது தம்மை அழைத்துச் செல்ல வர வேண்டிய மைத்துனர் வரவில்லை என்றும், நடைமேடையில் இரவு முழுவதும் பெட்டியின்மேல் அமர்ந்திருந்ததாகவும், விடியற்காலையில் தமிழில் யாரோ தம்மைப் பெயர் சொல்லி அழைத்ததாகவும் கூறுகிறார். அழைத்தவர் யார் என்பதற்கு முன் எழுத்து நின்றுவிட்டது. இக்கதையைத் தம் வீட்டில் கேட்டறிந்தவர் எவரேனும் இக்கூட்டத்தில் இருந்தால், உணவு முடிந்தபின் நூலக அறைக்கு வருக. பொறியை ஏற்றியே வைத்திருக்கிறோம்.